அவன் குரலில் மழை இல்லை

அன்று சாயங்காலம் வீட்டில் இருந்தவர்கள்: கீழே ஹாலில் அஞ்சலி. மாடியில், தன் அறைக்குள், கதவை அடைத்துக்கொண்டு அவளுடைய தம்பி அனில்குமார். அம்மா ஓமனா இல்லை. சித்தி மகளின் நிச்சயத்துக்காகப் பூதப்பாண்டிக்குப் போயிருந்தாள், மறுநாள் காலையில்தான் வருவாள். வேறு யாரும் இல்லை. மேசைமேல் திறந்திருந்த லேப்டாப்பும் அதையேதான் சொன்னது. விளையாடுபவர்கள்: அஞ்சு, அனி.

மத்தியானம் தாண்டியதுமே பிடித்த மழை விடவில்லை. அருமனையில் ஐப்பசி மழை வானத்திலிருந்து நேராகத் தரைக்கு வருவதில்லை. முதலில் ரப்பர் மரங்களின் உச்சியில் இரைந்து விழுந்து, இலை இலையாக இறங்கி, பால் எடுக்கக் கட்டிய சிரட்டைகளை நிறைத்து வழிந்து, கடைசியில்தான் மண்ணைத் தொடும். ஆனால் அனிலின் அறைக்கு மேல் அது நேராகவே விழும். அப்பா பாதியில் விட்டுப்போன மாடி அது. மேலே காங்கிரீட் கிடையாது, தகரம். மழை பெய்யும்போது அந்த அறையில் பேசுவது செண்டை மேளத்துக்கு நடுவில் நின்று பேசுவது மாதிரி. இதுவரை மழை பெய்த நாட்களில் அவன் ஒரு வாக்கியம் சொன்னால் அவளுடைய ஹெட்போனில் கால்வாசி வாக்கியமும் முக்கால்வாசி தகரமும்தான் வந்து சேரும். "என்னலே சொல்லுத?" என்று அவள் கத்திக்கொண்டே இருப்பாள்.

இன்று கத்த வேண்டியிருக்கவில்லை.

"எக்கா, வலது பக்கம் ஒரு பானை இருக்கும். அதத் தூக்கு."

தெளிவாக. காதோரம் குனிந்து சொன்ன மாதிரி. அவன் குரலில் மழை இல்லை.

போனில் ஏதாவது செட்டிங்கை மாற்றியிருப்பான் என்று அஞ்சலி நினைத்துக்கொண்டாள். பானையைத் தூக்கினாள். கீழே ஒன்றும் இல்லை.

"வாழ்த்துகள்," என்றார் விளையாட்டுக்குள் இருக்கும் வீட்டுக்காரர். "ஒரு பானையை வெற்றிகரமாகத் தூக்கிவிட்டாய். உன் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கச் சொல்லட்டுமா?"

அனில் சிரித்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சிரிப்பானே, மூக்கால் மூச்சு வெடித்துவரும் சிரிப்பு, அதே சிரிப்பு. அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

அவன் பங்குனியில் சென்னையிலிருந்து வந்தான். ஒரு கால் சென்டரில் ராத்திரி வேலை. வந்ததும் தூங்கினான். எழுந்து கதவை அடைத்தான். காதல் தோல்வி இல்லை, குடி இல்லை, யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பான். அந்த ஒன்றுமில்லைக்குள்ளேயே இத்தனை மாதம் இருந்துவிட்டான். சாப்பாட்டுத் தட்டை வெளியே வைத்துவிட்டுப் போனால் ஆள் போன பிறகு கதவு திறந்து மூடும். அஞ்சலி மெடிக்கல் ஷாப்பில் நிற்பவள். எந்த வில்லை எந்த நோய்க்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அடைத்த கதவுக்கு வில்லை இல்லை.

மாமா பொன்னுலிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. நாளைக்கு அம்மாவோடு அவரும் வருகிறார். கூடவே கதவை உடைக்க ஒரு ஆசாரி. அனிலைக் காரில் ஏற்றிக்கொண்டு போக ஒரு ஆஸ்பத்திரியும் பேசி வைத்தாகிவிட்டது.

"அவன் என்ன சக்கப்பழமா மாமா, வெட்டிப் பொளந்து எடுக்க?" என்று போனில் அஞ்சலி சண்டை போட்டாள்.

"பின்ன? பழுத்துத் தானா விழட்டும்னு பாத்துட்டு இருக்கச் சொல்லுதியா? நாளைக்கு ஆசாரி வருவான். அதுக்குள்ள அவனா எறங்கி வந்தா நான் ஏன் கேக்கப் போறேன்?"

ஆகவே இன்று ஒரு சாயங்காலம்தான் மிச்சம். அவனாகவே கதவைத் திறக்க வேண்டும். அவளிடம் இருந்த ஒரே வழி இந்த விளையாட்டு.

நாகர்கோவில் பையன்கள் சிலர் சேர்ந்து செய்தது. பெயர் 'ஒரு வீடு, ரெண்டு பேர்'. ஒரே வீட்டுக்குள் இரண்டு பொம்மைகள். ஒருவர் திரையில் தெரியும் கதவு மற்றவர் திரையில் சுவராக இருக்கும். இவருக்கு விளக்கு என்றால் அவருக்கு அது விசை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. அதைச் செய்தவனின் மூளையை அஞ்சலி பல தடவை மனதுக்குள் மெச்சியிருக்கிறாள். பேசாத தம்பியைப் பேச வைப்பதற்கென்றே எவனோ உட்கார்ந்து யோசித்தது மாதிரி இருந்தது. பொம்மைகளுக்கு வாய் கிடையாது. ஆமென்று தலையாட்டும், இல்லையென்று தலையசைக்கும், கை வீசும், அலுத்துப்போனால் உட்காரும். அனிலின் பொம்மை அடிக்கடி உட்காரும். "ஏலே, எந்திரி" என்பாள். "நீ அந்தக் கதவத் தள்ளி முடிக்கதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டிருவேன்" என்பான். இதற்கெல்லாம் மேலே வீட்டுக்காரர். ஆள் தெரியாது, குரல் மட்டும். யாரையும் விடமாட்டார்.

"இழுக்க வேண்டிய கதவைத் தள்ளுகிறாய்," என்றார் இப்போது. "பரவாயில்லை. கதவுக்கும் உடற்பயிற்சி வேண்டும்."

கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தார்கள். அஞ்சலியின் கால் மேசைக்கடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. சாயா ஆறிப்போய்ப் பக்கத்தில் இருந்தது. எடுத்தாள், குடிக்காமலே வைத்தாள். கேட்கலாமா, இப்போதே கேட்டால் கெட்டுவிடுமா என்று கொஞ்சநேரம் தவித்துவிட்டுக் கேட்டாள்.

"மக்கா, இது முடிஞ்சா வெளிய வருவியா?"

ஆடிக்கொண்டிருந்த காலை நிறுத்தினாள்.

"வருவேன்," என்றது குரல்.

இத்தனை மாதத்தில் அவன் 'பாப்போம்' என்றுகூடச் சொன்னதில்லை.

கடைசிக் கட்டத்தின் பெயர் திரையில் வந்தது: விளக்கு நேரம். முன்வாசலில் விளக்கு வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முன்கதவு திறக்கவில்லை. அவள் எல்லா விசையையும் தட்டிப் பார்த்தாள். வீட்டுக்காரர் செருமினார்.

"பின்வாசலைத் திறந்து போட்டுவிட்டு முன்வாசலில் விளக்கா? உங்களை அம்மா பெற்றாளா, தவிட்டுக்கு வாங்கினாளா?"

அஞ்சலி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சென்னையில் ஒருத்தன் இதை விளையாடினால் விடிய விடிய உட்கார்ந்திருப்பான். இந்த வீட்டில் தினமும் நடப்பது இது. இருட்டும் நேரத்தில் முதலில் பின்வாசலை அடைக்க வேண்டும், அதன் பிறகுதான் முன்வாசலைத் திறந்து விளக்கு வைக்க வேண்டும். விளக்கு எரிகிறவரைக்கும் பின்வாசலைத் தொடக்கூடாது. 'முன்னால வாறவ பின்னால எறங்கிப் போயிருவா' என்பாள் அம்மா. எவ்வளவு அவசரமென்றாலும் தொடக்கூடாது.

"அம்மாக்க லெவல் இது," என்றது குரல்.

சொல்லிவைத்த மாதிரி அம்மாவே போனில் வந்தாள்.

"ஏட்டி, வெளக்கு வச்சியா?"

"வைக்கப் போறேன்."

"பின்வாசல அடைச்சிட்டு வையி. அவன் சாப்பிட்டானா?"

"சிரிக்கான்மா. நல்லா பேசுதான். மாமன வரவேண்டாம்னு சொல்லு."

"ஒவ்வொரு நாளும் இதத்தான் சொல்லுத," என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள்.

அஞ்சலி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். மாடிப்படி ஹாலில் இறங்காது. அடுக்களைக்குப் பக்கத்தில், பின்வாசலுக்கு நேராக இறங்கும். படியின் கீழே இருட்டு தேங்கியிருந்தது. பின்வாசல் திறந்து கிடந்தது. மத்தியானம் துணி எடுக்கப் போனபோது அடைத்த ஞாபகம், அடைக்கவில்லை போலிருக்கிறது. வெளியே மழைக்குள்ளிருந்து ரப்பர் ஷீட்டின் புளித்த வாடையும், ஷீட் காய்கிற புகைப்புரையிலிருந்து ஈரவிறகின் புகையும், மக்கிய இலையின் மணமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவந்து அவள் முகத்தில் மோதின. மரங்களின் அடியில் வெளிச்சம் ஏற்கெனவே செத்துவிட்டது. புகைப்புரையின் பக்கத்தில் ஒரு சின்ன வெளிச்சம் அசைந்த மாதிரி இருந்தது. மின்மினி. கதவைச் சாத்தி, மேல் தாழ், கீழ் தாழ், குறுக்கே இரும்புப் பட்டை என்று எல்லாம் போட்டாள். கை தானாகச் செய்தது. மழையில் மின்மினி ஏது என்று பிறகுதான் தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டாள். விளக்கு நேரம்.

முன்கதவை விரியத் திறந்து, சாரல் படாமல் நடைக்கு உள்ளேயே குத்துவிளக்கை வைத்து ஏற்றினாள். எண்ணெய் பிடித்துத் திரி நிமிர்ந்தது. கும்பிட்டாள். வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள்.

"அடைச்சாச்சு," என்றாள்.

"தெரியும்," என்றது குரல். "எக்கா, நீ மேல வா."

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"என்ன?"

"மேல வா. இதுக்க மீதி ரெண்டு பேரும் ஒண்ணா இருந்து பாக்கணும். கதவு தொறந்துதான் கிடக்கு."

நாளைக்கு ஆசாரி வேண்டாம். கார் வேண்டாம். அம்மா வரும்போது இரண்டுபேரும் அடுக்களையில் நின்று சாயா போடலாம். எழுந்துவிட்டாள். எழுந்தபோதுதான் கண் திரையில் பட்டது. அனிலின் பொம்மை இல்லையென்று தலையசைத்துக்கொண்டிருந்தது. இல்லை. இல்லை. இல்லை. நிறுத்தாமல்.

"வாயால 'வா'ங்குத, தலையால வேண்டாங்குத," என்று சிரித்தாள். "எதக் கேக்க?"

"எந்தத் தலை?"

"உனக்க பொம்மைதான். வேண்டாம் வேண்டாம்னு ஆட்டுதியே."

குரல் யோசித்தது. அது யோசிப்பது அவளுக்குக் கேட்டது. மூச்சு இல்லாத ஒரு மௌனம்.

"நான் ஒண்ணும் அமுக்கலியே எக்கா," என்றது.

பொம்மை தலையசைப்பதை நிறுத்தியது. சுற்றுமுற்றும் பார்க்கிற மாதிரி இரண்டு பக்கமும் திரும்பியது. மெல்ல நடந்து, திரையில் பின்வாசலுக்குப் போய், கதவைப் பார்த்து நின்றது.

"போன் கெட்டிருக்கும்," என்றது குரல். "அத விடு. நீ வா."

அஞ்சலி உட்கார்ந்தாள். ஏனென்று தெரியவில்லை, உட்கார்ந்தாள். மருந்து மாறிப்போனால் முதலில் கையை நிறுத்த வேண்டும் என்று கடையில் பழகியவள். மெல்ல ஹெட்போனைக் கழற்றினாள்.

மழை. அடுக்களை ஓட்டில், இலையில், முற்றத்தில், தகரத்தில் மழை. அந்த இரைச்சலுக்கு அடியில், தலைக்கு நேர் மேலே, அவளுடைய தம்பியின் குரல். கத்தாமல். சாவகாசமாக. தகரத்தில் அடிக்கிற மழை அதைத் தொடவே இல்லை.

"எக்கா. வாறியா?"

அவன் மேலேதான் இருக்கிறான். அப்படியானால் சரி. அப்படியானால் இந்தப் பொம்மை?

அவள் மைக்கை அணைத்தாள். வாய்ப்பேச்சு வேண்டாம். தன் பொம்மையை எடுத்துக்கொண்டு, திரையில் அனிலின் பொம்மைக்குப் பக்கத்தில் போய் நிறுத்தினாள். கை வீசினாள்.

அது உடனே கை வீசியது. வேகமாக. திரும்பத் திரும்ப.

அவள் தன் பொம்மையை உட்கார வைத்தாள். அதுவும் உட்கார்ந்தது. அவள் எழுந்தாள். அது எழுந்தது. ஆமென்று தலையாட்டினாள். அது தலையாட்டியது, பிறகு திரும்பிப் பின்வாசலில் போய் முட்டியது.

"இருவரில் ஒருவர் பேச மறந்துவிட்டீர்களா?" என்று மேசைமேல் கிடந்த ஹெட்போனுக்குள் வீட்டுக்காரர் சின்னதாகக் கேட்டார். "எனக்குப் பொழுதே போகவில்லை."

பொம்மை கதவில் முட்டியது. மறுபடி முட்டியது.

வீட்டின் பின்னால், நிஜப் பின்வாசலில், யாரோ தட்டினார்கள்.

அவள் அசையவில்லை. பொம்மை முட்டியது. கதவு தட்டப்பட்டது. மழை. முட்டியது. தட்டப்பட்டது.

"அதத் தொறக்காத," என்றது மேலேயிருந்த குரல்.

அஞ்சலி எழுந்து நின்றாள்.

"வெளக்கு எரியுதுல்லா? பின்வாசலத் தொறக்கக்கூடாது. அம்மா என்ன சொல்லியிருக்கு?"

ஆமாம். அம்மா அதைத்தான் சொல்லியிருக்கிறாள். முப்பது வயதுவரைக்கும் ஒருநாள்கூட அவள் அதை மீறியதில்லை. பாம்பு புகுந்த அன்றுகூட முன்வாசல் வழியாகச் சுற்றித்தான் ஓடினார்கள். இருட்டில் பின்வாசலைத் தட்டுவது எதுவென்று இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை, திறப்பதில்லை, அவ்வளவுதான். மேலே இருப்பவன் சொல்வது முழுக்கச் சரி. தம்பி சொல்ல வேண்டியதை, தம்பி சொல்கிற மாதிரியே சொல்கிறான். ஆனால் அனில் என்றைக்கு இதையெல்லாம் மதித்தான்?

படியின் கீழே போய் நின்றாள். மேலே பார்த்தாள். அறைக்கதவின் அடியில் வெளிச்சம் இல்லை. அங்கேயே, சுவரோரமாக, மத்தியானம் வைத்த சாப்பாட்டுத் தட்டு. மூடியது மூடியபடி.

கதவுக்கு வெளியே, மழைக்குள், ஒருவன் அழுகிற சத்தம் கேட்டது.

பட்டையை எடுத்தாள். கீழ் தாழ். மேல் தாழ். திறந்தாள்.

அனில் நின்றான். எலும்பும் தாடியுமாக, லுங்கி தொடையில் ஒட்டி, வெறுங்காலோடு, கையில் போன். இரண்டு காதிலும் இயர்போன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தம்பியின் முகம். அவன் அவளைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

"மக்கா," என்று அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கை மீன் மாதிரி குளிர்ந்திருந்தது. "ஏலே, நீ எப்பம் வெளிய போன?"

"நீதான கூப்பிட்ட?"

"நானா?"

"புகைப்புரப் பக்கம் நிக்கேன், வழுக்கி விழுந்திட்டேன், எறங்கி வான்னு சொன்னியே. நீ அழுது கரஞ்சியே எக்கா." அவன் பல் அடித்தது. "எறங்கி வந்தேன். ஆளக் காணல. உள்ள இருக்கேன், புகைக்குள்ள இருக்கேன், உள்ள வான்னு சொன்ன. நான் மாட்டேன்னேன். மழையில ஒண்ணும் கேக்கலன்னு சொன்ன. அதான் பொம்மைக்க தலைய ஆட்டினேன். திரும்பி வந்தா கதவு அடைச்சிருக்கு."

அவனை வெளியே கொண்டுவர அவள் இத்தனை மாதம் பாடுபட்டாள். எதுவோ ஒரே ஒரு அழுகையில் கொண்டுவந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் கதவை அடைத்தது அவளுடைய கை.

"நான் ஹால விட்டு எங்கயும் போகல," என்றாள்.

"அப்போ இது யாரு?"

ஒரு இயர்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தான்.

"மக்கா," என்றது அஞ்சலியின் குரல். "அவ கிட்டப் போகாத. முன்வாசலுக்கு வா. நான் முற்றத்தில நிக்கேன்."

அவளுடைய குரல்தான். சளி கட்டியதுபோல் இழுக்கிற அந்த 'மக்கா'. அதிலும் மழை இல்லை.

அனில் மெல்ல அவள் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டான்.

"ஏலே, நான்தாம்லே."

"அப்பா என்னைய என்னன்னு விளிக்கும்?" என்று கேட்டான். குழந்தை மாதிரி கேட்டான்.

அவள் வாயைத் திறந்தாள். 'நெத்தோலி' என்றது காதுக்குள் அவள் குரல்.

"நெத்தோலி," என்றாள் அஞ்சலி.

இரண்டாவதாக.

அவன் ஓர் அடி பின்னால் வைத்தான்.

அப்போது மேலே தாழ்ப்பாள் நீங்கியது. இத்தனை மாதமாக அவள் காத்திருந்த சத்தம். தட்டு வைக்கும்போதும், ராத்திரி முழித்துக் கிடக்கும்போதும், கடையில் சில்லறை எண்ணும்போதும் கேட்காதா என்று ஏங்கிய அதே சத்தம். கதவு திறந்தது. தட்டு எதிலோ பட்டுக் கவிழ்ந்தது. முதல் படியில் ஒரு கால்.

"எக்கா," என்றது மேலே. "நான் வெளிய வந்திட்டேன் பாத்தியா?"

அனில் மேலே பார்த்தான். தன் குரலைக் கேட்டான். அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதன் போடுகிற சத்தமில்லை.

இரண்டாவது படி.

"ஓடு," என்றாள். "முன்வாசலுக்கு. நேரா ரோட்டுக்குப் போயிரு. ஓடுலே!"

தள்ளினாள். அவன் ஓடினான். அவள் பின்னால் ஓடினாள். ஹால். மேசை. லேப்டாப் திரையில் இரண்டு பொம்மைகள். இரண்டுமே கை வீசிக்கொண்டிருந்தன. அவை ஒன்றையொன்று பார்க்கவில்லை. திரைக்கு வெளியே பார்த்தன. பின்வாசல் திறந்து கிடந்ததால் காற்று வீடு முழுக்க ஊடுருவி ஓடியது. விளக்கின் சுடர் படுத்துவிட்டது. வீடெல்லாம் புகை வாடை.

அனில் விளக்கைத் தாண்டினான். நடை. படி. முற்றம். மழைக்குள் இறங்கிவிட்டான்.

வெளியே. அவன் வெளியே இருக்கிறான். போதும்.

அவளும் விளக்குவரை வந்துவிட்டாள். அவன் திரும்பினான். அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால், ஹாலுக்குள் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது.

"மக்கா, நில்லு, நானும் வாறேன்," என்றாள் அஞ்சலி.

முற்றத்தின் கோடியில், செம்பருத்திக்கு அந்தப் பக்கம், ஒருத்தி நின்றாள். பச்சைச் சுரிதார். அஞ்சலி குனிந்து தன் உடம்பைப் பார்த்தாள். பச்சைச் சுரிதார். அங்கே நிற்பவள் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. அவள் தலைமுடி நனையவில்லை. கையை நீட்டியபடி நடந்து வந்தாள். அவசரப்படவில்லை.

"அனிலு, பின்னால பாரு! பின்னால பாருலே!" என்று அஞ்சலி கத்தினாள்.

அவன் படியேறி வந்தான். அவளுக்காகத்தான் வருகிறான் என்று நினைத்தாள். கையை நீட்டினாள். அவன் அதைத் தொடாமல், கதவின் இரண்டு பலகையையும் பிடித்தான். அவன் காதில் இயர்போன் பேசிக்கொண்டிருந்தது. என்னவென்று அவளுக்குக் கேட்கவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"நீ யாருன்னு எனக்குத் தெரியலியே," என்றான்.

"மக்கா, நான்..."

கதவைச் சாத்தினான். விளக்கு உருண்டது. அவள் மோதினாள். தோளால் மோதினாள். கொண்டி விழுந்தது. வெளிப்பக்கம் சும்மா தொங்கும் பூட்டை அவன் விரல் தடவி எடுப்பது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. நகத்தால் பிறாண்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் கால் சத்தம் நின்றுவிட்டிருந்தது. பக்கத்தில் நின்றுவிட்டிருந்தது.

பூட்டு விழுந்தது.

வெளியே அவளுடைய குரல் கேட்டது. இயர்போனில் இல்லை, வெறுமனே, முற்றத்தில், கதவுக்கு மிக அருகில்.

"நல்லா பூட்டினியா மக்கா?"

"பூட்டியாச்சு எக்கா," என்றான் அனில். பெரிய பாரம் இறங்கியவன் மாதிரி மூச்சுவிட்டான். "வா, போவோம்."